நேஷன்ஸ்டேட்ஸ்: தீர்மானம் வாக்கெடுப்புக்கு வராமலே மறைந்தது ஏன்?

நேஷன்ஸ்டேட்ஸ் என்ற இணைய விளையாட்டில், நாற்பது நாடுகளின் ஆதரவு இருந்தும் உங்கள் உலகப் பேரவைத் (World Assembly) தீர்மானம் பட்டியலிலிருந்து மறைந்ததற்குக் காரணம், பெரும்பாலும், கெடுவுக்குள் பிராந்தியப் பிரதிநிதிகளின் (தத்தம் பிராந்தியத்தின் சார்பில் பேரவையில் இருக்கும் நாடுகளின்) ஒப்புதல் போதிய அளவில் சேராததே. மொத்தப் பிரதிநிதிகளில் 6 விழுக்காட்டினர் ஒப்புதல் அளித்தால்தான் அது வாக்கெடுப்பு வரிசைக்குச் செல்லும். மற்ற உறுப்பு நாடுகள் எத்தனை விரும்பினாலும் அந்தக் கணக்கில் சேராது.

நீங்கள் எண்ணிய நாற்பது, உங்கள் நாட்டுக்குப் பிற உறுப்பு நாடுகள் அளித்த வழிமொழிவுகளாக (endorsements) இருக்கலாம்; அவை தீர்மானத்துக்கான ஒப்புதல் அல்ல. தீர்மானத்தைச் சமர்ப்பிக்க அவற்றில் இரண்டே போதும். அதற்கு மேல் இந்தக் கட்டத்தில் அவற்றால் பயனில்லை. (முதல் முறை நானும் இப்படித்தான் ஏமாந்தேன்.)

மீண்டும் சமர்ப்பித்த பின், தீர்மானத்தின் கீழே காணப்படும் ஒப்புதல் பட்டியலை நாள்தோறும் பார்த்து, அதில் இல்லாத பிரதிநிதிகளுக்குத் தந்தி (விளையாட்டுக்குள் அனுப்பும் செய்தி) அனுப்புங்கள்.

விதிமீறலுக்காக நடுவர்கள் நீக்கியிருந்தால் மட்டும் இது பொருந்தாது. அப்போது உரையையே திருத்த வேண்டும்.