ட்சகானேயில் ஆட மறுத்தவர்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

தென்னாப்பிரிக்கப் பெண்கள் கால்பந்து அணியைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். 2023 உலகக் கோப்பையில் அவர்கள் இத்தாலியை வென்றதை அத்தனை விரிவாகச் சொன்னீர்கள். அதற்கு ஒரு மாதம் முன்னால் நடந்ததை மட்டும் ஒரே வரியில் கடந்துவிட்டீர்கள். போட்ஸ்வானாவுடனான நட்பு ஆட்டத்தில் ஆட மாட்டோம் என்று சொன்னது இதே பெண்கள்தானே? அவசரத்துக்குத் திரட்டிய அணியில் 13 வயதுச் சிறுமி ஒருத்தியும் இருந்தாள். 0-5 என்று தோற்றார்கள். நாட்டின் சீருடையைவிடப் பணம் பெரிதாகிவிட்டதா? இதையும் ஆதரிக்கிறீர்களா?

ஒரு வாசகர், திருச்சி

அன்புள்ள நண்பருக்கு,

ஆதரிக்கிறேன். ஒரே வரியில் கடந்தது தவறுதான். அதனால் இங்கே விரிவாகவே சொல்கிறேன்.

2023 ஜூலை 2. ஜோகன்னஸ்பர்க்குக்குக் கிழக்கே ட்சகானே என்ற ஊர். உலகக் கோப்பைக்குக் கிளம்பும் அணியை வழியனுப்பும் ஆட்டம் அது. வீராங்கனைகளுக்கு இரண்டு குறைகள். முதலாவது, தரை. புல் சரியாக இல்லாத, கெட்டியான மைதானம். இன்னும் மூன்றே வாரத்தில் சுவீடனோடு ஆடப்போகிறவர்கள் அதில் ஓடி விழ வேண்டும். அணியின் முன்கள வீராங்கனை தெம்பி கட்லானாவை எடுத்துக்கொள்ளுங்கள். முந்தைய ஆண்டு மொராக்கோவில் ஆப்பிரிக்கக் கோப்பையின்போது அவருடைய குதிகால் தசைநார் அறுந்தது. அந்தக் கோப்பையை அணி வென்றபோது அவர் களத்தில் இல்லை. மாதக்கணக்கில் காத்திருந்து திரும்பிய காலை எந்தத் தரையில் வைப்பது என்று கேட்க அவருக்கு உரிமை இல்லையா?

இரண்டாவது, ஒப்பந்தம். அந்த உலகக் கோப்பையில்தான் ஃபிஃபா முதன்முதலாக வீராங்கனை ஒவ்வொருவருக்கும் இவ்வளவு என்று அறிவித்திருந்தது. முதல் சுற்றோடு வெளியேறினாலும் 30,000 டாலர். எங்கோ இருந்து வரும் அந்தப் பணம் போதும் என்பது தென்னாப்பிரிக்கக் கால்பந்துச் சங்கத்தின் நிலை. சங்கம் தன் பங்குக்கு என்ன தரும், அதை எழுத்தில் தருமா என்பது பெண்களின் கேள்வி. இது பேராசை என்று எனக்குப் படவில்லை. தென்னாப்பிரிக்காவில் பெண்களுக்கு முழுநேரச் சம்பளம் தரும் கிளப்புகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். பல வீராங்கனைகளுக்கு ஒரு உலகக் கோப்பை என்பது வாழ்நாளில் ஒரு தடவை கையில் காசு சேரும் நேரம்.

அந்தச் சிறுமியைப் பற்றி நீங்கள் எழுதியது என்னையும் உறுத்துகிறது. 13 வயதுப் பிள்ளையைத் தேசிய அணியின் ஆட்டத்தில் இறக்கியிருக்கவே கூடாது. ஆனால் இறக்கியது யார்? ஆட்டத்தை ரத்து செய்யச் சங்கத்தால் முடியும். அதற்குப் பதில் ஆட்டத்தைத் தாமதப்படுத்தி, கிடைத்தவர்களைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். இதில் என் கோபம் சங்கத்தின் மேல்தான்.

அப்புறம் என்ன ஆயிற்று? சில நாட்களில் மோட்செபே அறக்கட்டளை 60 லட்சம் ராண்ட் கொடுத்து முடிச்சை அவிழ்த்தது. அதை நிறுவியவர்களில் ஒருவரான பாட்ரிஸ் மோட்செபே ஆப்பிரிக்கக் கால்பந்துக் கூட்டமைப்பின் தலைவரும்கூட. பணம் இருந்திருக்கிறது. கேட்ட பிறகுதான் வந்தது.

இந்த அணியின் செல்லப்பெயர் பன்யானா பன்யானா. ‘பெண் பிள்ளைகள்’ என்று பொருள். ஆசையாக வைத்த பெயர்தான். ஆனால் பிள்ளைகள் என்றால் சொன்னதைக் கேட்டு நடப்பார்கள் என்று பெரியவர்கள் நினைத்துவிடுகிறார்களோ என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. அன்றைய பயிற்சியாளர் டெசிரே எல்லிஸ் இந்த அணிக்காக முதல் ஆட்டம் ஆடியது 1993இல், சுவாசிலாந்துக்கு எதிராக. 14-0 வெற்றி. அதில் மூன்று கோல் அவருடையது. அப்போது அவருக்கு வயது 30. நிறவெறி ஆட்சியால் உலகக் கால்பந்து அந்த நாட்டை ஒதுக்கிவைத்திருந்த ஆண்டுகளில் அவருடைய இளமை போய்விட்டது. ஆட இடம் கிடைத்ததே பெரிது என்றிருந்த தலைமுறை அது. அடுத்த தலைமுறை இன்னும் கொஞ்சம் கேட்கிறது. கேட்கட்டும்.

சரி, இத்தாலிக்கு வருகிறேன். சுவீடனிடம் 90ஆவது நிமிடக் கோலில் 1-2 என்று தோல்வி. அர்ஜென்டினாவோடு 2-0 என்று முன்னால் இருந்தும் 2-2. ஆகஸ்ட் 2, வெலிங்டன். அடுத்த சுற்றுக்குப் போக இத்தாலிக்கு அநேகமாக டிரா போதும், இவர்களுக்கு வெற்றியே வேண்டும். பெனால்டியில் இத்தாலி முந்துகிறது. பிறகு இத்தாலியின் பெனெடெட்டா ஓர்ஸி தன் கோல் கீப்பருக்குத் தள்ளிய பந்து சேம் சைடு கோலாகிறது. தென்னாப்பிரிக்காவின் ஹில்டா மகாயா ஒன்று அடிக்கிறார். இத்தாலி திரும்பவும் சமன் செய்கிறது. இஞ்சுரி டைமில், 92ஆவது நிமிடம், மகாயா கொடுத்த பாஸை கட்லானா வலைக்குள் தட்டிவிடுகிறார். 3-2. அடுத்த சுற்றுக்குள் நுழைந்துவிட்டார்கள். அதுவரை அந்த நாட்டின் ஆண்கள் அணியும் மூன்று உலகக் கோப்பைகளில் ஆடி, ஒன்றிலும் முதல் சுற்றைத் தாண்டியதில்லை.

ஆட்டம் முடிந்ததும் கட்லானா ஒரு விஷயத்தைச் சொன்னார். அந்தச் சில வாரங்களில் அவர் குடும்பத்தில் மூன்று பேர் இறந்துபோயிருந்தார்கள். ஊருக்குப் போயிருக்கலாம், யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவர் அணியோடு இருந்துவிட்டார். ட்சகானேயில் ஆட மறுத்த அணியில் இருந்தவர்தான் இவரும். சீருடையைவிடப் பணம் பெரிது என்று இவரைப் பற்றி என்னால் சொல்ல முடியவில்லை, நண்பரே.

அன்புடன்.