வாட்ச் புடிச்சுட்டு நிக்கற வேலைக்கா என் பையன படிக்க வெக்கறது?

அக்கா, நேத்து நீங்க போன்ல கேட்டதுக்கு அவசரத்துல சரியா பதில் சொல்ல முடியல, அதான் இப்ப உக்காந்து டைப் பண்றேன். "20 வருஷமா பனியன் கம்பெனில ஓவர்லாக் தையல் மெஷின்ல இருக்கேன், பின்னாடி ஐஇ (இண்டஸ்ட்ரியல் இன்ஜினியர்) ஒருத்தன் டைம் பாக்க வாட்ச எடுத்தாலே எனக்கு கை ஓடாது, அந்த வேலைக்கா என் பையன படிக்க வெக்கறது"ன்னு கேட்டீங்க. உங்க பையன் இண்டஸ்ட்ரியல் இன்ஜினியரிங்னு நிக்கறான், நீங்க கம்ப்யூட்டர் சயின்ஸ்னு நிக்கறீங்க.

உங்க கோவம் நியாயம்ங்க. நான் இந்த ஆலோசனை வேலைக்கு வர்றதுக்கு முன்னாடி ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனில ஐஇயா இருந்தவன், அங்க லைன்லயே வேகமா தைக்கற அக்காவ பாத்து டைம் எடுத்து அதயே எல்லாருக்கும் டார்கெட்டா போட்டாங்க, கொஞ்ச நாள்லயே பாதி பேர் பக்கத்து கம்பெனிக்கு போயிட்டாங்க. அது அளக்கத் தெரியாம அளந்தது.

முறையா எப்படி அளக்கணும்னா, நீங்க டி-ஷர்ட் சைடு அடிக்கறீங்கன்னு வெச்சுக்கோங்க, பல பீஸ் பாத்து சராசரி 40 செகண்ட் வருது. இப்ப ஐஇ அதோட நிறுத்தக்கூடாது. பழக்கப்பட்ட ஒருத்தர் நாள் முழுக்க தாங்கற வேகம் 100னா நீங்க எவ்ளோன்னு பாக்கணும், இதத்தான் ரேட்டிங்ன்னு சொல்றது. நீங்க 110ல ஓட்றீங்கன்னா 40 செகண்ட் 44 ஆகும். அப்புறம் தண்ணி குடிக்க, பாத்ரூம் போக, கை ஓய, நூல் அந்தா மாட்டன்னு அலவன்ஸ் 15 சதவீதம் சேத்தா 50.6 செகண்ட். 40ல கணக்கு போட்டா மணிக்கு 90 பீஸ் கேப்பாங்க, 50.6ல போட்டா 71தான் கேக்க முடியும். நடுவுல இருக்கற 19 பீஸ்தான் அக்கா நீங்க தோள் வலின்னு சொல்றது. அந்த 19ஐ உங்களுக்காக கணக்குல விடறதும் ஐஇதான், புடுங்கறதும் ஐஇதான், அதனாலதான் அந்த எடத்துல ஒரு டெய்லர் பெத்த புள்ள இருக்கணும்னு நான் சொல்றேன்.

இப்படி ஒவ்வொரு ஆபரேஷனுக்கும் எடுத்து கூட்டறதுதான் எஸ்ஏஎம், அதாவது ஒரு பீஸ் முழுசா தைக்க கணக்குல விடற மொத்த நிமிஷம். ஒரு ஸ்டைலுக்கு எஸ்ஏஎம் 8 நிமிஷம், லைன்ல 25 டெய்லர், 480 நிமிஷ ஷிப்ட்டுன்னா கையில இருக்கறது 12,000 நிமிஷம், கணக்குப்படி 1,500 பீஸ். ஆனா வர்றது 1,000தான், அதாவது 67 சதவீதம்கிட்ட. உடனே சூப்பர்வைசர் டெய்லர திட்டுவார். நல்ல ஐஇ திட்டமாட்டான், தைக்க வேண்டிய துணிக்கட்டு, அதான் பண்டல், எங்க குமிஞ்சு கெடக்கு, எந்த மெஷின் பீஸ் வராம சும்மா நிக்குதுன்னு நடந்து பாப்பான், பெரும்பாலும் நஷ்டம் அங்கதான் இருக்கும்.

நூறு வருஷத்துக்கு முன்னாடி அமெரிக்காவுல ஃபிராங்க் கில்பிரெத்னு ஒருத்தர், கொத்தனாருங்க ஒவ்வொரு கல்லுக்கும் குனிஞ்சு நிமிர்றத பாத்துட்டு, கல்ல இடுப்பு உயரத்துக்கு ஏத்தி வெக்கற சாரம் செஞ்சார். ஒரு கல்லுக்கு 18 அசைவு இருந்தது ஏறக்குறைய 5 ஆச்சு, வேகமா பண்ணுன்னு யாரையும் வெரட்டல. உங்க லைன்ல பண்டல் தரையில கெடந்தா அதே கததான். அத மேசைக்கு ஏத்தறது, நாற்காலி உயரம் சரி பண்றது, ஒரே ஆபரேஷன வருஷக்கணக்கா தைக்கறவங்களுக்கு பேட்லாக், சிங்கர்னு வேற தையல் மெஷினுக்கு மாத்தி பழக்கி விடறது, இதுவும் அவன் பாடத்துல வருது, ஜாப் டிசைன்னு பேரு.

அப்புறம் இது பனியன் கம்பெனியோட முடியற படிப்பும் இல்லைங்க. கார் ஃபேக்டரி, குடோன், ஆஸ்பத்திரின்னு ஆளும் நேரமும் இருக்கற எடமெல்லாம் வேலை இருக்கு. கிண்டி இன்ஜினியரிங் காலேஜ்ல இதுக்குன்னே தனி டிபார்ட்மெண்ட் இருக்கு, ஆனா இந்த கோர்ஸ் எல்லா காலேஜ்லயும் இருக்காது, கிடைக்கலன்னா மெக்கானிக்கல் இல்ல ப்ரொடக்‌ஷன் எடுத்துட்டு அப்புறம் எம்.டெக் சேர எழுதற கேட் (GATE) தேர்வுல ப்ரொடக்‌ஷன் அண்ட் இண்டஸ்ட்ரியல் பேப்பர் எழுதலாம். மும்பைல 1963ல ஆரம்பிச்ச நிட்டின்னு (NITIE) ஒரு காலேஜ், 2023ல ஐஐஎம் மும்பை ஆயிடுச்சு, அதோட வேரே இந்த துறைதான், பின்னாடி அந்த கேட் தேர்வுக்கு பதிலா எம்பிஏ நுழைவுத்தேர்வு எழுதி அங்கயும் போகலாம்.

மறைக்காம சொல்றேன், ஆரம்பத்துல ஐடி மாதிரி சம்பளம் எதிர்பாக்காதீங்க, முதல் ரெண்டு மூணு வருஷம் வெக்கையில கால் வலிக்க நிக்கணும். ஆள் கூட பேசவே கூச்சப்படற பையன்னா இது வேண்டாம்னு நானே சொல்லிருப்பேன். உங்க பையன் அப்படி இல்ல.

கவுன்சிலிங்ல எந்த கோர்ஸ்னு சாய்ஸ் லாக் பண்றதுக்கு இன்னும் நாள் இருக்கில்ல, இந்த ஞாயித்துக்கெழம வீட்டு மெஷின்ல நீங்க 10 பீஸ் தைங்க, அவன செல்போன்ல டைம் எடுக்க சொல்லுங்க. எடுத்து முடிச்சுட்டு உங்க கை வலிய கேக்கறானா, இல்ல நம்பர மட்டும் எழுதறானான்னு பாத்துட்டு எனக்கு போன் பண்ணுங்க.