கரண்ட் கம்பத்தில் அலுமினியம், வீட்டுக்குள் செம்பு: ஏன் இந்த வித்தியாசம்? இரண்டில் எது உசத்தி?

கேள்வி கேட்டவர் புது வீடு கட்டுகிறார். காப்பர் வயர்தான் போட வேண்டும் என்று எலக்ட்ரீஷியன் அடித்துச் சொல்கிறாராம். ஆனால் தெருக் கம்பத்திலிருந்து மீட்டர் வரை வந்திருப்பது அலுமினியம். "ஊருக்கே கரண்ட் கொண்டுவர அலுமினியம் போதும் என்றால், என் வீட்டு ஃபேனுக்கு ஏன் போதாது?" என்று கேட்கிறார். நியாயமான கேள்வி. நான் பதினெட்டு வருடமாகக் கோவைப் பக்கம் மோட்டாருக்குக் காயில் கட்டுகிறேன். இரண்டு உலோகமும் தினமும் கையில் புழங்குவதால், தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதலில் கணக்கைப் பார்த்துவிடலாம். ஒரே நீளம், ஒரே தடிமனில் இரண்டு கம்பி எடுத்தால், செம்பு கடத்துவதில் சுமார் 61 சதவீதம்தான் அலுமினியம் கடத்தும். அதே வேலையை அலுமினியம் செய்ய வேண்டுமென்றால் அதன் குறுக்குப் பரப்பு 1.6 மடங்கு பெரிதாக இருக்க வேண்டும். ஆனால் ஒரு கன சென்டிமீட்டர் செம்பு 8.96 கிராம் எடை, அலுமினியம் 2.7 கிராம்தான். அதனால் அப்படித் தடிமனாக்கிய பிறகும் அலுமினியக் கம்பி செம்பின் எடையில் பாதிதான் வரும். கிலோ விலையில் செம்பு மூன்று மடங்குக்கும் மேலே நிற்கிறது. பாதி எடை, அதிலும் கிலோவுக்கு மூன்றில் ஒரு பங்குக்கும் குறைந்த விலை. கம்பத்தில் ஏன் அலுமினியம் என்பதற்கு இதுவே போதும். வெட்டவெளியில் தொங்கும் கம்பி கொஞ்சம் தடியாக இருந்தால் யாருக்கும் இடைஞ்சல் இல்லை, எடை குறைந்தால் கம்பங்களைத் தள்ளித் தள்ளி நடலாம். இழுவிசை தாங்குவதற்கு நடுவில் எஃகுக் கம்பி ஓடும், அதைச் சுற்றி அலுமினிய இழைகள். இந்தக் கம்பிகளுக்கு விலங்குப் பெயர் உண்டு: வீசல், ராபிட், டாக், பெரிய டவர்களில் பேந்தர், ஜீப்ரா, மூஸ். "ராபிட்டைக் கழட்டிட்டு டாக் போடணும்" என்று லைன் வேலை செய்பவர்கள் பேசுவதைக் கேட்டால் இனி உங்களுக்குப் புரியும். லோடு கூடிவிட்டது, தடித்த கம்பி தேவைப்படுகிறது என்று அர்த்தம்.

சரி, வீட்டுக்குள் என்ன பிரச்சினை? சுவருக்குள் பைப்பில் ஓடும் அலுமினியக் கம்பியால் பெரிய தொல்லை இல்லை. தொல்லை ஆரம்பிப்பது ஜாயிண்டில். கம்பத்துக்குக் கம்பம் நூறடி தூரம் ஒரே கம்பியாகப் போகும். வீட்டில் ஒரு அறைக்கே பத்துப் பதினைந்து இடத்தில் கம்பியைச் சீவி, வளைத்து, ஸ்குரூவுக்குக் கீழே வைத்து முடுக்குகிறோம்.

அலுமினியத்தைக் கத்தியால் சுரண்டிப் பாருங்கள், பளபளவென்று இருக்கும். ஆனால் அந்தப் பளபளப்பின் மேல் அதே நொடியில் ஒரு ஆக்சைடு தோல் படர்ந்துவிடுகிறது. கண்ணுக்குத் தெரியாத அளவு மெல்லியது. மேற்கொண்டு துருப்பிடிக்காமல் அலுமினியத்தைக் காப்பதே அந்தத் தோல்தான். ஜன்னல் சட்டம் வருடக்கணக்கில் மழையில் நனைந்தும் உளுத்துப்போகாமல் இருப்பது அதனால்தான். ஆனால் அதே தோல் கரண்டைக் கடத்தாது. ஜன்னலுக்கு நல்லது, ஜாயிண்டுக்குக் கெடுதல்.

இன்னொரு குணமும் சேர்கிறது. 100 டிகிரி சூடேறினால் ஒரு மீட்டர் செம்பு சுமார் 1.7 மில்லிமீட்டர் நீளும், அலுமினியம் 2.3 மில்லிமீட்டர். லோடு ஏறும்போது ஸ்குரூவுக்குக் கீழே இருக்கும் அலுமினியம் விரியப் பார்க்கும். இடம் இல்லாததால், மென்மையான உலோகமாயிற்றே, பக்கவாட்டில் பிதுங்கிவிடும். ஆறும்போது சுருங்கும், ஆனால் பழைய வடிவத்துக்குத் திரும்பாது. மயிரிழை இடைவெளி விழும். அதில் காற்றுப் புகுந்து ஆக்சைடு சேரும், தடை கூடும், இன்னும் சூடாகும். ஒவ்வொரு நாளும் இதேதான்.

இது எங்கள் வீட்டிலேயே நடந்தது. அப்பா காலத்து வீடு. மெயின் சுவிட்சுக்கு வந்த அலுமினிய சர்வீஸ் வயரோடு உள்ளே போகும் காப்பர் வயரை யாரோ முறுக்கிக் கட்டி டேப் சுற்றி வைத்திருந்தார்கள். ஒரு மழைக்காலத்தில் லைட் மினுக்க ஆரம்பித்தது. மிக்ஸி போட்டால் ட்யூப் லைட் மங்கும். பலகைப் பக்கம் போனால் மீன் செதில் கருகியது போல ஒரு வாடை. கம்பத்தில் ஃபியூஸைப் பிடுங்கச் சொல்லிவிட்டு டேப்பைப் பிரித்தேன். உள்ளே செம்பு கறுத்துக் கிடந்தது. அதோடு சேர்ந்த இடத்தில் அலுமினியம் பாதி கரைந்து, சுண்ணாம்பு போல வெள்ளைப் பொடியாக உதிர்ந்தது. இன்சுலேஷன் நாலு விரற்கடைக்குக் குறையாமல் உருகிச் சுருண்டிருந்தது. பக்கத்தில் மரப்பலகை. அன்றைக்கு நான் வீட்டில் இல்லாமல் போயிருந்தால் என்று நினைத்தால் இப்போதும் வயிற்றைப் பிசைகிறது.

அந்த வெள்ளைப் பொடிக்குக் காரணம், செம்பும் அலுமினியமும் தொட்டுக்கொண்டிருக்கும் இடத்தில் ஈரம் பட்டால் அது ஒரு குட்டி பேட்டரி ஆகிவிடுவதுதான். அதில் கரைவது எப்போதும் அலுமினியம். வெளியே பேனல் அமைக்கும்போது செம்பை மேலேயும் அலுமினியத்தைக் கீழேயும் வைக்கக் கூடாது என்று எனக்கு வேலை கற்றுக்கொடுத்தவர் சொல்வார். செம்பின் மேல் பட்டு வழியும் தண்ணீர் சொட்டினாலே அலுமினியம் அரித்துப்போகும்.

அமெரிக்காவில் இதைப் பெரிய அளவில் அனுபவித்துப் பார்த்திருக்கிறார்கள். 1960களின் நடுவில் செம்பு விலை ஏறியபோது ஏராளமான வீடுகளுக்கு அலுமினிய வயரிங் செய்தார்கள். பிறகு அந்நாட்டு நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையம் சொன்னது: 1972க்கு முன் அலுமினிய வயரிங் செய்த வீடுகளில், பிளக் பாயிண்ட் இணைப்புகள் தீப்பிடிக்கும் நிலைக்குப் போகும் வாய்ப்பு காப்பர் வீடுகளைவிட 55 மடங்கு அதிகம். அங்கேயும் பழி கம்பி மேல் இல்லை, இணைப்புகள் மேல்தான். ஆகவே உங்கள் எலக்ட்ரீஷியன் சொல்வது சரி. வீட்டுக்குள் காப்பரே போடுங்கள்.

மோட்டார் விஷயத்தில் காரணம் வேறு. மோட்டாரில் சுழலாமல் நிற்கும் பாகமான ஸ்டேட்டரில், கம்பி வைக்கும் பள்ளம் (ஸ்லாட்) எவ்வளவு பெரிதோ அவ்வளவு கம்பிதான் உள்ளே போகும். 1.6 மடங்கு தடித்த கம்பிக்கு அங்கே இடம் இல்லை. அதனால் அலுமினியத்தில் காயில் கட்டிய மோட்டார் அதே சக்திக்கு உடம்பு பெரிதாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் கூடுதலாகச் சூடாகும். வோல்டேஜ் குறைவாக வரும் தோட்டத்தில், வெயிலில் நாள் முழுக்க ஓடும் பம்ப் செட்டுக்கு அந்தச் சூடு எமன். எரிந்த மோட்டாரைப் பிரிக்கும்போது காப்பராக இருந்தால் பழைய காயிலை எடைக்குப் போட்டு வரும் பணத்தைக் கூலியில் கழித்துக்கொள்வோம். அலுமினியம் என்றால் கழிக்க ஒன்றும் பெரிதாக இருக்காது. புது மோட்டாரை 'காப்பர்' என்று நம்பி வாங்கியவர் முகம் அப்போது வாடுவதை நிறையப் பார்த்திருக்கிறேன். எனாமல் பூச்சு செம்பு நிறத்திலேயே இருப்பதால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. வெட்டிய நுனியைப் பாருங்கள். பிளேடால் ஒரு சுரண்டு சுரண்டுங்கள். உள்ளே வெள்ளையாக இருந்தால் அலுமினியம். கேமரா, நெட்வொர்க் கேபிள்களில் செம்பு முலாம் போட்ட அலுமினியம் நிறைய வருகிறது, அதற்கும் இதே சோதனைதான்.

ஆனால் அலுமினியத்தை மட்டமான சரக்கு என்று நினைத்துவிடாதீர்கள். நூறு சதவீதம் காப்பர் என்று விற்கும் சாதாரண இண்டக்‌ஷன் மோட்டாரிலும் சுழலும் ரோட்டருக்குள் வார்த்திருப்பது பெரும்பாலும் அலுமினியம்தான். ஸ்லாட்டுக்குள் உருக்கி ஊற்றி ஒரே கூண்டாக வார்ப்பதால் அங்கே ஜாயிண்டே கிடையாது. அதனால் தொல்லையும் கிடையாது. அலுமினியத்துக்குத் தகுந்த வேலை எது என்று எனக்கு விளங்கியது அந்த ரோட்டரைப் பார்த்துத்தான்.

ஏ.சி. வாங்கும்போதும் இதே கேள்வி வரும். 'காப்பர் காயில்' என்றாலும் குழாய்தான் செம்பு, அதில் கோத்திருக்கும் மெல்லிய தகடுகள் அலுமினியம். முழுக்க அலுமினியமாக வரும் காயிலும் வெப்பத்தை நன்றாகவே கடத்தும். ஓட்டை விழுந்தால்தான் வித்தியாசம் தெரியும். செம்புக் குழாயை டார்ச்சில் காட்டினால் 1085 டிகிரியில்தான் உருகும். அதற்கு வெகு முன்பே செக்கச் சிவந்து, 'இப்போது பற்றவை' என்று கைக்குச் சொல்லிவிடும். அலுமினியம் 660 டிகிரியில் உருகிவிடும், அதுவரை நிறமே மாறாது. வெள்ளையாகவே இருக்கும், அடுத்த நொடி கண்ணெதிரே பொத்தென்று விழுந்துவிடும். மேலே இருக்கும் ஆக்சைடு தோலோ 2000 டிகிரிக்கு மேல்தான் உருகும். அதனால் அலுமினியக் காயிலை வீட்டில் வைத்துப் பற்றவைக்கப் பலர் ஒப்புக்கொள்ள மாட்டார்கள், முழுக் காயிலையும் மாற்றச் சொல்வார்கள்.

பாத்திரம் பற்றி ஒரு வார்த்தை. புளி, தக்காளி, மோர் போன்ற புளிப்பு எதையும் வெறும் செம்பிலோ வெறும் அலுமினியத்திலோ வைத்திருக்காதீர்கள், இரண்டுமே கரையும். செம்புப் பாத்திரத்தில் உள்ளே ஈயம் பூசியது அதற்குத்தான். பேச்சில் அலுமினியச் சட்டியையும் 'ஈயச் சட்டி' என்றே சொல்வதால் குழம்பிவிட வேண்டாம். பூசுவது வெள்ளீயம்.

இன்னொன்றையும் சொல்ல ஆசைப்படுகிறேன். பூமியின் மேலோட்டில் எடைக்கு 8 சதவீதம் அலுமினியம். செம்பு அதோடு ஒப்பிட்டால் துளி. ஆனாலும் நம் முன்னோர் செம்பில் பட்டயம் பொறித்தார்கள், குடிக்கும் பாத்திரத்துக்கே 'செம்பு' என்று பெயர் வைத்தார்கள். அலுமினியம் என்ற உலோகமே அவர்கள் கண்ணில் படவில்லை. மண்ணில் ஆக்சிஜனோடு அவ்வளவு இறுகக் கட்டுண்டு கிடந்தது. 1884இல் வாஷிங்டன் நினைவுத் தூணின் உச்சியில் அலுமினியத்தை வைத்தார்கள், அப்போது அது அவ்வளவு அரிய பொருள். இரண்டே வருடத்தில், 1886இல், அமெரிக்காவில் ஹாலும் பிரான்சில் எரூவும் தனித்தனியே கரண்ட் பாய்ச்சி அதைப் பிரிக்கும் வழியைக் கண்டுபிடித்தார்கள். இன்றும் அதே வழிதான். ஒரு கிலோவுக்குச் சுமார் 14 யூனிட் கரண்ட் செலவாகிறது. பழைய அலுமினியத்தை உருக்கிப் புதிதாக்க அதில் இருபதில் ஒரு பங்கு போதும். ஓட்டை விழுந்த சட்டியைக் குப்பையில் போடாமல் பழைய சாமான்காரரிடம் போடுங்கள்.

கடைசியாக உங்கள் வீட்டுக்கு. சர்வீஸ் வயர் அலுமினியமாக வந்து காப்பரில் சேரும் அந்த ஒரு இடத்தை மட்டும் நின்று பார்த்துச் செய்யச் சொல்லுங்கள். முறுக்கிக் கட்ட விடாதீர்கள். ஒரு பக்கம் அலுமினியம், மறுபக்கம் செம்பு என்று வரும் பைமெட்டல் லக் (கம்பி நுனியில் மாட்டும் உலோக முனை) கடையில் கிடைக்கும். அலுமினிய நுனியைப் பிரஷ்ஷால் தேய்த்து, உடனே ஜாயிண்ட் கிரீஸ் தடவி, லக்குக்குள் விட்டு, சரியான அளவு அச்சில் (டை) வைத்து இறுக நசுக்க, அதாவது கிரிம்ப் பண்ண வேண்டும். எங்கள் வீட்டில் அப்படி மாற்றிப் பதினோரு வருடம் ஆகிறது. வருடத்துக்கு ஒருமுறை மெயினை அணைத்துவிட்டுத் திறந்து பார்க்கிறேன். வெள்ளைப் பொடி இதுவரை வரவில்லை.