பிரிந்த பெற்றோர், பிள்ளையின் செலவு: தொகையை எப்படி முடிவு செய்கிறார்கள்?

குடும்ப வழக்குகளில் நீண்ட காலமாக வாதாடி வருகிறேன். பிள்ளைக்கான பராமரிப்புத் தொகை பற்றி நீங்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் தருகிறேன். சட்டம் நாட்டுக்கு நாடு மாறும். அதனால், உங்கள் ஊர் வழக்கறிஞரிடம் ஒருமுறை கேட்டுக்கொண்டு அப்புறம் முடிவெடுங்கள்.

மேடம், இதற்குக் கணக்கு ஏதும் உண்டா? நீதிபதி நினைத்ததுதான் தொகையா?

இரண்டு விதமும் உண்டு. சில இடங்களில் தருபவரின் வருமானத்தில் இத்தனை சதவீதம் என்று நேராகச் சொல்லிவிடுகிறார்கள். அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் பொதுவாக ஒரு பிள்ளைக்கு 17 சதவீதம், இரண்டு பிள்ளைகளுக்கு 25. பிரிட்டனின் அடிப்படை விகிதம், வரி பிடிப்பதற்கு முந்தைய வார வருமானத்தில் ஒரு பிள்ளைக்கு 12, இருவருக்கு 16, மூவர் அல்லது அதற்கு மேல் என்றால் 19. வாரம் 800 பவுண்டுக்கு மேல் வரும் பகுதிக்கு விகிதம் குறையும்.

ஆஸ்திரேலியாவிலும் அமெரிக்காவின் பெரும்பாலான மாநிலங்களிலும் இருவர் வருமானத்தையும் சேர்த்துப் பார்க்கிறார்கள். ஒருவருக்கு மாதம் 60,000, மற்றவருக்கு 40,000 என்று வையுங்கள். இன்ன வருமானத்துக்குப் பிள்ளைச் செலவு இவ்வளவு என்று சொல்லும் பட்டியல் ஒன்று இருக்கும். அந்த ஒரு லட்சத்துக்குப் பிள்ளையின் செலவு 20,000 என்று அது சொன்னால், 12,000 முதலாமவர் பங்கு, 8,000 இரண்டாமவர் பங்கு. பிள்ளை இரண்டாமவரிடம் வளர்ந்தால் முதலாமவர் 12,000 தர வேண்டும். உள்ளே இன்னும் சில கழிவுகள் வரும், ஆனால் அடிப்படை இதுதான்.

இந்தியாவில் இப்படிச் சூத்திரம் கிடையாது. வருமானம், சொத்து, கடன், பிள்ளையின் தேவை, இதுவரை வாழ்ந்த வசதி எல்லாவற்றையும் பார்த்து நீதிமன்றம் முடிவு செய்கிறது. இருவரும் தங்கள் வருமானம், சொத்து, கடன் விவரங்களைப் பிரமாணப் பத்திரமாகத் தர வேண்டும் என்று 2020 நவம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. மனு போட்ட தேதியிலிருந்தே தொகை கணக்காகும் என்றும் அதே தீர்ப்பு சொல்கிறது. ஆகவே தயங்கிக்கொண்டே மாதங்களைக் கடத்தாதீர்கள்.

நானும் வேலைக்குப் போகிறேன். "நீயே சம்பாதிக்கிறாய், நான் எதற்குத் தர வேண்டும்?" என்கிறார்.

உங்கள் சம்பளம் அவருடைய கடமையைத் தீர்த்துவிடாது. இருவர் வருமானத்தையும் சேர்க்கும் முறையில் அவர் பங்கு குறையலாம். சதவீத முறையில் உங்கள் சம்பளம் பெரும்பாலும் கணக்கிலேயே வராது.

வழக்கு போட்டதும் அவர் வேலையை விட்டுவிட்டார். சொந்தத் தொழில் என்கிறார், வருமானமே இல்லை என்று காட்டுகிறார். என்ன செய்வது அக்கா?

எனக்கு அதிகம் வரும் கேள்வி இதுதான். தொகையைத் தவிர்க்கத்தான் ஒருவர் வேலையை விட்டார் என்று தெரிந்தால், அவரால் எவ்வளவு சம்பாதிக்க முடியும் என்று பார்த்து, அதையே வருமானமாக எடுத்துக்கொள்ளும் அதிகாரம் பல நாடுகளின் நீதிமன்றங்களுக்கு உண்டு. படிப்பு, அனுபவம், முன்பு வாங்கிய சம்பளம் எல்லாம் அப்போது பேசும். உண்மையாகவே வேலை போனவரையும் நோயாளியையும் இப்படிப் பார்க்க மாட்டார்கள்.

கையில் ரொக்கமாக வாங்குபவர் விஷயத்தில் வரவைத் தேடாதீர்கள், செலவைத் தேடுங்கள். வீட்டு வாடகை, வண்டித் தவணை, காப்பீட்டுத் தொகை, பயணங்கள். வருமானமே இல்லை என்பவர் மாதாமாதம் தவணை கட்டுகிறார் என்றால், அந்தப் பணம் எங்கிருந்து வருகிறது என்று அவர்தான் சொல்லியாக வேண்டும். பழைய சம்பளச் சீட்டு, வரிக் கணக்கு, வங்கி அறிக்கை எது முறையாக உங்களிடம் இருந்தாலும் பத்திரப்படுத்துங்கள். ஆனால் அவருடைய கைபேசியையோ மின்னஞ்சலையோ திருட்டுத்தனமாகத் திறக்க வேண்டாம். அது உங்கள் மீதே திரும்பும்.

நான் தந்தை. வாரத்தில் மூன்று இரவு மகள் என்னிடம்தான். அதற்குக் கழிவு உண்டா?

பல இடங்களில் உண்டு. பிரிட்டனில் ஆண்டுக்கு 52 இரவுகள் தங்கினாலே ஏழில் ஒரு பங்கு குறையும். உங்கள் கணக்கில் ஆண்டுக்கு 156 இரவுகள் வருகின்றன, அதற்கு ஏழில் மூன்று பங்கு. கனடாவில் பிள்ளை குறைந்தது 40 சதவீத நேரம் உங்களோடு இருந்தால்தான் கணக்கு மாறும். ஒன்று மட்டும் மனம்விட்டுச் சொல்கிறேன் தம்பி. தொகையைக் குறைக்க இரவுகளைப் பேரம் பேசும் பெற்றோரைப் பார்த்திருக்கிறேன். பிள்ளைக்கு அது கட்டாயம் தெரிந்துவிடுகிறது.

பிள்ளையைப் பார்க்கவே விடுவதில்லை. பணத்தை நிறுத்தலாமா?

கூடாது. பார்க்கும் உரிமைக்குத் தனி மனு போடுங்கள். அதேபோல, பணம் வரவில்லை என்று பிள்ளையைக் காட்டாமல் இருப்பதும் தவறு.

வேலை போய்விட்டது. பழைய தொகையைக் கட்ட முடியவில்லை.

இந்த வாரமே மாற்றக் கோரி மனு போடுங்கள். "அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்" என்று இருந்தால் நிலுவை ஏறிக்கொண்டே போகும். அமெரிக்காவில் 1986 முதல் உள்ள சட்டப்படி, ஏறிவிட்ட நிலுவையை நீதிபதியாலும் பின்தேதியிட்டுக் குறைக்க முடியாது. மனு கொடுத்ததை மற்றவருக்குத் தெரிவித்த பிறகு சேரும் தொகையை மட்டும்தான் மாற்றலாம். இயன்றதைக் கட்டிக்கொண்டே இருங்கள், ஒவ்வொன்றுக்கும் ரசீது வைத்திருங்கள்.

பள்ளிக் கட்டணம், அறுவை சிகிச்சை எல்லாம் மாதத் தொகைக்குள் அடங்குமா?

ஊரைப் பொறுத்தது. கனடாவில் குழந்தைக் காப்பகம், மருத்துவம், கல்லூரி போன்ற சிறப்புச் செலவுகளை வருமான விகிதத்தில் தனியாகப் பிரிக்கிறார்கள். உடன்பாடு எழுதும்போதே இவற்றை யார் எவ்வளவு தருவது என்று தனியாக எழுதிவிடுங்கள்.

விவாகரத்தின்போது "பிள்ளைக்கு எதுவும் வேண்டாம்" என்று கையெழுத்துப் போட்டுவிட்டேன். இனிமேல் கேட்க முடியாதா?

கேட்கலாம். அந்தப் பணம் பிள்ளையின் உரிமை. தாயோ தந்தையோ அதை விட்டுக்கொடுத்தாலும் நீதிமன்றம் அதற்குக் கட்டுப்பட வேண்டியதில்லை என்பதே பெரும்பாலான நாடுகளின் நிலை. அன்று என்ன மனநிலையில் கையெழுத்துப் போட்டீர்கள் என்பதை நினைத்து உங்களையே நொந்துகொள்ள வேண்டாம். அந்த உடன்பாட்டின் நகல், பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ், கடந்த ஆறு மாதச் செலவுக் கணக்கு மூன்றையும் எடுத்துக்கொண்டு ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள். கட்டணம் தர வசதி இல்லையென்றால், இலவச சட்ட உதவி கிடைக்குமா என்று நீதிமன்ற அலுவலகத்திலேயே கேளுங்கள்.