வாசகர் கேள்வி–பதில்: ஜிரோந்த் கழிமுகமும் மெதோக் திராட்சைத் தோட்டங்களும்

பிரான்சின் தென்மேற்கில் கரோன், தோர்தோன் என்னும் இரண்டு ஆறுகள் போர்டோ நகருக்கு வடக்கே ஒன்று சேர்ந்து, ஏறத்தாழ 75 கி.மீ. நீளத்துக்கு அகன்று, ஜிரோந்த் என்ற பெயரில் அட்லாண்டிக் கடலில் கலக்கின்றன. அதன் இடக்கரையில் மெதோக் திராட்சை நாடு இருக்கிறது. வலக்கரையில் பிளாய், பூர் ஊர்களின் தோட்டங்கள் இருக்கின்றன. அங்கே மவுண்டன் பைக்கில் பயணம் செய்வது பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில் அளிக்கிறோம்.

செப்டம்பர் மாதம் போர்டோ செல்கிறோம். மெதோக்கில் சில நாள்கள் மவுண்டன் பைக் ஓட்ட விரும்புகிறோம். அங்கே மலையே கிடையாது என்கிறார்களே, பிறகு எதற்கு அந்த வண்டி? — வாசகர், சென்னை

மலை கிடையாது என்பது உண்மைதான். மெதோக்கின் மிக உயர்ந்த மேடே கடல் மட்டத்திலிருந்து நாற்பது மீட்டரைச் சற்றே தாண்டும். ஆகவே ஏற்றத்துக்காக இந்த வண்டி தேவைப்படாது. ஆனால் மார்கோ, சேன்-ஜூலியேன், பொயாக் ஆகிய ஊர்களைக் கோத்துச் செல்லும் டி-2 சாலை குறுகலானது. பார வண்டிகளும் சுற்றுலாப் பேருந்துகளும் அதில் ஓயாமல் போய்வருகின்றன. அந்தச் சாலையை விட்டு விலகித் தோட்டங்களுக்கு இடையே செல்லும் கூழாங்கல் தடங்களிலும், ஆற்றை ஒட்டிய சதுப்பு நிலத்தின் புல்தடங்களிலும் போனால்தான் அந்த நாட்டைப் பார்த்ததாக ஆகும். அத்தடங்களில் மெல்லிய டயர் நிற்காது. முன்பக்கம் மட்டும் சஸ்பென்ஷன் உள்ள, இரண்டு அங்குல அகல டயர் பொருத்திய வண்டி போதுமானது. பின்பக்கமும் சஸ்பென்ஷன் உள்ள வண்டிக்கு வாடகை அதிகம், எடை அதிகம், இங்கே அதனால் பயன் ஒன்றும் இல்லை.

அந்தக் கூழாங்கற்களைப் பற்றி ஓர் எச்சரிக்கை. எலுமிச்சங்காய் அளவிலிருந்து கைப்பிடி அளவு வரை உருண்டையாக இருக்கும் அவை, டயருக்கு அடியில் நகரும். வளைவில் முன் பிரேக்கை அழுத்தினால் முன்சக்கரம் வழுக்கிவிடும். வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்துக்கொண்டு, டயரில் காற்றைச் சற்றுக் குறைவாக வைத்து ஓட்டுவது நல்லது. மழை பெய்த மறுநாள் சதுப்புப் பக்கம் போக வேண்டாம். அந்தக் களிமண் டயருக்கும் ஃபோர்க்குக்கும் நடுவே அப்பிக்கொண்டு, சிறிது தூரத்துக்குள் சக்கரம் சுழலாமல் நின்றுவிடும். குச்சியால் சுரண்டி எடுப்பதைத் தவிர வேறு வழி இருக்காது.

கொடி வரிசைகளுக்கு உள்ளே வண்டியை விடாதீர்கள். வேலி இல்லை என்பதற்காக அது பொது வழி ஆகிவிடாது. வழிக்குறியிட்ட தடங்கள் தவிர மற்றவை தனியார் நிலம். அந்த மண்ணின் விலை என்னவென்று தெரிந்தால் நாமே இறங்கி நடப்போம்.

ஏறி இறங்கும் பாதைதான் வேண்டும் என்றால், மெதோக் கரையில் உள்ள லமார்க்கில் படகு ஏறி, சுமார் 20 நிமிடத்தில் எதிர்க்கரையில் உள்ள பிளாய்க்குப் போய்விடுங்கள். மிதிவண்டியையும் ஏற்றிக்கொள்வார்கள். அங்கிருந்து பூர் வரையிலான கரை சுண்ணாம்புப் பாறைச் செங்குத்து. பாறையை முதுகுச் சுவராகக் கொண்டு கட்டிய வீடுகளுக்கு மேலே திராட்சைச் சரிவுகள் எழுகின்றன. ஏற்றங்கள் குட்டையானவை என்றாலும் மூச்சு வாங்க வைப்பவை. வலக்கரையை ஒரு நாளில் முடித்துவிடலாம் என்று திட்டமிடுபவர்கள்தான் பெரும்பாலும் அங்கேயே கூடுதலாகத் தங்குகிறார்கள்.

திசையைப் பற்றியும் ஒரு சொல். அங்கே காற்று பெரும்பாலும் மேற்கிலிருந்தும் வடமேற்கிலிருந்தும் வீசும். கோடைப் பிற்பகலில் கடற்காற்றும் அதனுடன் சேர்ந்துகொள்ளும். எனவே போர்டோவிலிருந்து வடக்கு நோக்கி மிதித்துக் காற்றோடு மல்லுக்கட்டுவதைவிட, கழிமுக வாயில் உள்ள லெ வெர்தோன் வரை வண்டியோடு ரயிலில் போய், அங்கிருந்து தெற்கே திரும்பி வருவதே புத்திசாலித்தனம். கோடையில் அந்த ரயிலில் மிதிவண்டிக்கான இடம் சீக்கிரம் நிரம்பிவிடும். காலை முதல் வண்டியைப் பிடியுங்கள்.

எங்கள் பக்கம் பன்னீர் திராட்சைக் கொடியைப் பந்தலில் ஏற்றி, நிமிர்ந்து நின்று பறிப்போம். மெதோக் படங்களில் கொடி இடுப்பளவுகூட இல்லையே, ஏன்? ‘ஆற்றைப் பார்க்கும் கொடியே நல்ல கொடி’ என்று அங்கே சொல்வார்களாமே, அதில் உண்மை இருக்கிறதா? — வாசகர், கம்பம்

விவசாயி கேட்கும் கேள்வி என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறோம். கம்பம் பள்ளத்தாக்கில் வெயிலுக்குக் குறைவில்லை. பந்தலின் இலைக்கூரை காய்க்கு நிழல் கொடுக்கிறது. மெதோக்கில் நிலைமை நேர் எதிர். கடலுக்கு அருகில், மழையும் மூடுபனியும் உள்ள அந்த நாட்டில் காய் பழுக்க ஒவ்வொரு துளி வெப்பமும் வேண்டியிருக்கிறது. பிரனே மலையிலிருந்தும் பிரான்சின் நடு மலைத்தொடரிலிருந்தும் ஆறுகள் பல்லாயிரம் ஆண்டுகளாக உருட்டிவந்து குவித்த கூழாங்கல் மேடுகளில்தான் அங்கே கொடி நடுகிறார்கள். பகலில் சூடேறிய கல் இரவில் அந்தச் சூட்டை விடுகிறது. அதைப் பெறுவதற்காகவே குலைகளைத் தரைக்கு அருகில் வைத்திருக்கிறார்கள். ஹெக்டேருக்கு 10,000 கொடிகள் வரை நெருக்கி நடுவதும் உண்டு. வரிசைகளுக்கு இடையே சாதாரண டிராக்டர் நுழைய முடியாததால், கொடி வரிசையின் இருபுறமும் கால் ஊன்றி அதன் மேலே செல்லும் உயரமான டிராக்டரைப் பயன்படுத்துகிறார்கள்.

ஆற்றைப் பார்க்கும் கொடி பற்றிய பேச்சு வெறும் பெருமை அல்ல. கூழாங்கல் மேடு ஆற்றை நோக்கிச் சரிவதால் மழைநீர் தேங்காமல் வடிந்துவிடுகிறது. அத்துடன், அகன்ற நீர்ப்பரப்பு தன் கரையில் குளிரை மட்டுப்படுத்துகிறது. 2017 ஏப்ரல் இறுதியில் கடும் உறைபனி வந்து போர்டோ வட்டாரத்தின் தளிர்களைக் கருக்கியபோது, கழிமுகத்தை ஒட்டிய மெதோக் தோட்டங்களில் பல பெரும்பாலும் தப்பின. உள்ளே தள்ளியிருந்தவை அடி வாங்கின. 1855-ல் பாரிஸ் கண்காட்சிக்காகப் போர்டோ மது வணிகத் தரகர்கள் தயாரித்த தரவரிசையில் இடம்பெற்ற தோட்டங்களை வரைபடத்தில் குறித்துப் பாருங்கள். அவற்றில் பெரும்பாலானவை நீரை ஒட்டியே வரிசையாக நிற்கும்.

இந்த எல்லையை வண்டியில் போகும்போது காதாலேயே அறியலாம். மேட்டில் இருக்கும்வரை டயருக்கு அடியில் கல் நொறுங்கும் ஓசை கேட்டுக்கொண்டே வரும். சரிவின் அடியில் அது சட்டென்று நின்றுவிடும். கொடியும் அங்கேயே நின்றுவிடும். அதற்கு அப்பால் ஆறு வரை வாய்க்கால்களும் புல்வெளியும் மேயும் மாடுகளுமாக இருக்கும். 17-ஆம் நூற்றாண்டில் டச்சுப் பொறியாளர்கள் நீரை வடித்து உருவாக்கிய நிலம் அது. வளமான மண்தான், நல்ல திராட்சைக்கு அந்த வளம் ஆகாது என்று அங்குள்ளவர்கள் அதைத் தொடுவதில்லை.

நீங்கள் அடிச்சாம்பல் நோய்க்குத் தெளிக்கும் போர்டோ கலவையின் பிறப்பிடமும் இந்தப் பாதையில்தான் வருகிறது. அமெரிக்காவிலிருந்து வந்த அந்த நோய் 1880-களின் தொடக்கத்தில் பிரெஞ்சுத் தோட்டங்களை அழித்துக்கொண்டிருந்தது. 1882-ல் சேன்-ஜூலியேன் வழியாகச் சென்ற போர்டோப் பல்கலைக்கழகத் தாவரவியல் பேராசிரியர் மில்லார்தே, சாலையோரக் கொடிகளில் மட்டும் இலை பச்சையாக இருப்பதைக் கவனித்தார். விசாரித்தபோது, வழிப்போக்கர்கள் குலையைப் பறிக்காமல் இருப்பதற்காக, பார்த்தாலே அருவருப்பாகத் தெரியும்படி மயில்துத்தத்தையும் சுண்ணாம்பையும் கரைத்துத் தெளித்திருந்தது தெரியவந்தது. அதை வைத்து ஆய்வு செய்து, 1885-ல் முடிவை வெளியிட்டார். கூழாங்கல் தடத்தில் போகும் எவரும் அந்தச் சாலையைக் கடக்காமல் இருக்க முடியாது. திராட்சைத் திருடர்களுக்கு உலக விவசாயம் இந்த அளவு கடன்பட்டிருக்கிறது என்பதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

கழிமுகக் கரைப் பாதையில் திடீரென நீர் ஏறிவிடுமாமே? தண்ணீர் ஏன் அவ்வளவு பழுப்பாக இருக்கிறது, சாக்கடை கலக்கிறதா? — வாசகர், திருச்சி

நீர் திடீரென ஏறுவதில்லை. சொல்லிவைத்த நேரத்தில்தான் ஏறுகிறது. நாளுக்கு இருமுறை கடல் உள்ளே வந்து போகிறது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாள்களில் ஏற்றத்துக்கும் வற்றுக்கும் இடையே ஐந்து மீட்டர் வரைகூட வித்தியாசம் இருக்கும். பிரெஞ்சு ஓத (கடல் ஏற்றவற்று) அட்டவணையில் ஒவ்வொரு நாளுக்கும், ஓதத்தின் வலிமையைக் காட்ட 20-இலிருந்து 120 வரை ஓர் எண் போட்டிருப்பார்கள். படகுத்துறையிலும் சுற்றுலா அலுவலகத்திலும் அந்த அட்டவணை கிடைக்கும். எண் 90-ஐத் தாண்டினால், நீர் ஏறும் நேரத்தில் கரையோரத் தாழ்தடங்களை விட்டு மேட்டுப் பாதைக்கு வந்துவிடுங்கள். தோட்டத்தின் பெயரைப் பார்த்து அன்றைய வழியை முடிவு செய்வதைவிட, இந்த எண்ணைப் பார்த்து முடிவு செய்வதே சரி என்பது எங்கள் கருத்து.

பழுப்பு நிறம் சாக்கடையால் வருவதன்று. ஆறுகள் கொண்டுவரும் நுண்வண்டல், நன்னீரும் உப்புநீரும் சந்திக்கும் இடத்தில் ஓதத்தால் முன்னும் பின்னுமாக அலைக்கழிந்து, கடலுக்குள் போய்விடாமல் தொங்கிக்கொண்டே இருக்கிறது. வற்றுநேரத்தில் கரையில் தெரியும் சேறும் அதே வண்டல்தான். பார்க்க உறுதியாகத் தெரியும். கால் வைத்தால் முழங்கால் வரை புதையும். படம் எடுப்பதற்காக அதில் இறங்கவே வேண்டாம்.

கரையோரம் மரக்கால்கள் மேல் நிற்கும் குடிசைகளைக் காண்பீர்கள். கொச்சியின் சீன வலையைப் போலவே சதுர வலையைக் கயிற்றில் இறக்கி, ஓதத்தோடு வரும் இறாலையும் மீனையும் அள்ளும் குடிசைகள் அவை. ஐரோப்பிய ஸ்டர்ஜன் மீனும் இந்தக் கழிமுகத்துக்கு உரியதே. முட்டைக்காக வரைமுறையின்றிப் பிடித்து அது அருகிப்போனதால், 1982-இலிருந்து பிரான்சில் அதைப் பிடிக்கத் தடை இருக்கிறது.

நாங்கள் மது அருந்துவதில்லை. பத்து வயதுப் பையனும் உடன் வருகிறான். எங்களுக்கு அங்கே என்ன இருக்கிறது? — வாசகி, கோயம்புத்தூர்

நிறைய இருக்கிறது. பிளாய் ஊரின் கோட்டை, ஆற்றின் நடுவே தீவில் உள்ள பதே கோட்டை, இடக்கரையில் கூசாக் அருகே மெதோக் கோட்டை ஆகிய மூன்றும் 17-ஆம் நூற்றாண்டின் இறுதியில் பிரெஞ்சு இராணுவப் பொறியாளர் வோபான் வகுத்த ஒரே திட்டத்தில் அடங்கியவை. ஒரு கரையில் வைத்த பீரங்கியின் குண்டு மறுகரையை எட்டாது என்பதால்தான் நடுவே ஒன்று கட்டப்பட்டது. 2008 முதல் இவை யுனெஸ்கோ பட்டியலில் உள்ளன. படகில் நின்று மூன்றையும் பார்த்தால், பையனுக்கு யாரும் விளக்க வேண்டியிருக்காது. கழிமுக வாயிலுக்கு அப்பால், கடலுக்குள் நிற்கும் கோர்துவான் கலங்கரை விளக்கம் 1611-ல் கட்டி முடிக்கப்பட்டது. 2021-ல் அதற்கும் யுனெஸ்கோ தகுதி கிடைத்தது. லெ வெர்தோனிலிருந்து படகில் போய், வற்றுநேரத்தில் தண்ணீரில் நடந்து அதை அடைய வேண்டும். அந்த நடை எந்தப் பையனுக்கும் பிடிக்கும்.

பிரான்சில் 12 வயதுக்கு உட்பட்டவர்கள் மிதிவண்டியில் தலைக்கவசம் அணிவது சட்டப்படி கட்டாயம். இயர்போன் மாட்டிக்கொண்டு ஓட்டக்கூடாது. மது அருந்தும் வாசகர்களுக்கும் இங்கேயே சொல்லிவிடுகிறோம்: ஒரு லிட்டர் இரத்தத்துக்கு 0.5 கிராம் என்ற வரம்பு மிதிவண்டி ஓட்டுபவருக்கும் பொருந்தும்; மீறினால் அபராதம் உண்டு. சுவைத்துப் பார்த்துவிட்டு உமிழ்வதற்கென்றே தோட்டங்களில் பாத்திரம் வைத்திருக்கிறார்கள். அதைப் பயன்படுத்துவதை யாரும் மரியாதைக் குறைவாக எடுத்துக்கொள்வதில்லை.

எந்த மாதம் போவது நல்லது? — வாசகர், மதுரை

மே, ஜூன் அல்லது செப்டம்பர் பின்பாதி. மே, ஜூனில் மருந்து தெளிப்பு நடக்கும். மேற்சொன்ன உயர டிராக்டர் புகைபோல மருந்தை விசிறிக்கொண்டு வந்தால், காற்று எந்தப் பக்கத்திலிருந்து வருகிறதோ அந்தப் பக்கமாக ஒதுங்கி நின்று, அது போன பிறகு கடந்து செல்லுங்கள். செப்டம்பர், அக்டோபரில் அறுவடை வண்டிகளுக்கு வழிவிட வேண்டியிருக்கும். செப்டம்பரில் ஒரு சனிக்கிழமை, பொயாக்கை மையமாகக் கொண்டு மெதோக் மாரத்தான் நடக்கிறது. மாறுவேடம் பூண்டு, வழியில் மது அருந்தியபடி ஆயிரக்கணக்கானோர் ஓடும் அந்த நாளில் அங்கே அறையும் கிடைக்காது, வழியும் கிடைக்காது. தேதியை முன்கூட்டியே பார்த்து, அந்த வார இறுதியை வலக்கரைக்கு ஒதுக்கிவிடுங்கள்.