தோல் புற்றுநோய் பரம்பரையா, வெயிலா? கருப்பாக இருந்தால் வராதா?

கேள்வி இதுதான்: அம்மாவுக்கு 68 வயதில் மூக்கோரம் வந்த சின்னக் கட்டியை, பேசல் செல் கார்சினோமா என்ற தோல் புற்றுநோய் என்று சொல்லி எடுத்துவிட்டார்கள். எனக்கும் வருமா? நம் நிறத்துக்கு இது வராது என்கிறார்களே?

நான் டாக்டர் இல்லை. பெரியப்பாவுக்கு மெலனோமா (தோலுக்கு நிறம் தரும் செல்லில் தொடங்கும் புற்றுநோய்) வந்தபோது ஆஸ்பத்திரிக்குக் கூடவே அலைந்தவன். ‘கருப்புக்கு வராது’ என்று யாராவது சொன்னாலே சுருக்கென்று இருக்கும்.

பெரியப்பா பட்டுக்கோட்டைப் பக்கம் விவசாயம் பார்த்தவர். இடது குதிகாலில் மிளகு அளவுக்கு ஒரு கருப்பு. முள் உள்ளே நின்றுவிட்டது என்று எருக்கம்பால் வைத்தார். அப்புறம் கால் ஆணி என்று முடிவு செய்து மருந்துக்கடைப் பிளாஸ்திரி ஒட்டினார். ஒருவர் பிளேடால் சீவியும் விட்டார். ஒன்றரை வருஷம் இப்படியே போனது. தொடை இடுக்கில் நெறி கட்டி, வற்றாமல் கிடந்தபோதுதான் அக்கா தஞ்சாவூருக்கு அழைத்துப்போனாள்.

பயாப்ஸி முடிவு வந்ததும் அக்கா கேட்டது, “வெயில்லயே கெடந்தாரே, அதனாலயா டாக்டர்?”

“உள்ளங்கால்ல எந்த வெயிலும்மா அடிக்குது?” என்றார் அவர்.

அதற்குப் பிறகுதான் இதைப் பற்றித் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். வெயில் பெரிய காரணம்தான், சந்தேகமே இல்லை. புற ஊதாக் கதிர் பட்டால் செல்லுக்குள் டிஎன்ஏவின் பக்கத்துப் பக்கத்து எழுத்துகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. உடம்பு அதை வெட்டி எடுத்துச் சரிசெய்கிறது. தப்பிப்போன பிழைகள் வருஷக்கணக்கில் சேரும்போது ஏதோ ஒரு செல் கட்டுமீறுகிறது. நம் தோலின் கரிய நிறமியான மெலனின் அந்தக் கதிரில் பெரும்பங்கை மேலேயே தடுத்துவிடுகிறது. செம்பட்டை முடிக்காரர்களுக்கு எம்சி1ஆர் என்ற மரபணு வேறு மாதிரி இருப்பதால், காக்கத் தெரியாத செம்மெலனின்தான் அதிகம் உண்டாகிறது. மேகம் மூடிய பிரிட்டனுக்கும் அயர்லாந்துக்கும் பொருந்திய அந்தத் தோல் ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து வெயிலில் போய்க் குடியேறினால் என்ன ஆகும்? அந்த நாட்டில் மூன்றில் இரண்டு பேருக்கு 70 வயதுக்குள் ஏதாவது ஒரு தோல் புற்றுநோய் கண்டுபிடிக்கப்படுகிறது என்பது கணக்கு. பரம்பரையா வெயிலா என்று பிரிக்கவே முடியாத இடம் அது. தோல் தாத்தாவுடையது, வெயில் ஊருடையது.

நம்மிடம் அந்த மெலனின் இருப்பதால் ஆபத்து நிஜமாகவே குறைவு. ஆனால் உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தடி இந்த மூன்று இடத்தில் வரும் மெலனோமா நிறம் பார்ப்பதில்லை. வெயிலுக்கும் அதில் பெரிய பங்கில்லை. பாப் மார்லிக்குக் கால் விரல் நகத்தடியில் வந்ததும் இதுதான். பந்து விளையாடியதில் பட்ட அடி என்றே முதலில் நினைத்தார்களாம். 1977இல் தெரிந்தது, 1981இல் 36 வயதில் போய்விட்டார். அவரைப் பற்றிப் படித்தபோது பெரியப்பாவின் பிளாஸ்திரிதான் நினைவுக்கு வந்தது.

வெயிலைத் தவிர வேறு காரணங்களும் உண்டு. காஷ்மீரில் குளிருக்கு அங்கிக்குள் காங்ரி என்ற கங்குச் சட்டியை வைத்துக்கொள்வார்கள். பல வருஷச் சூட்டில் வயிற்றிலும் தொடையிலும் புற்று வந்ததை 19ஆம் நூற்றாண்டிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். வங்காளத்தில் குழாய்க்கிணற்றுத் தண்ணீரில் உள்ள ஆர்செனிக் என்ற நச்சு இன்னொன்று. அப்புறம் பழைய தீப்புண் தழும்பு, வருஷக்கணக்கில் ஆறாத புண். நம் ஊரில் கடைசிச் சங்கதியைத்தான் யாரும் கண்டுகொள்வதில்லை. சிறுநீரகம் மாற்றிக்கொண்டவர்கள் சாப்பிடும் எதிர்ப்புச் சக்தி குறைக்கும் மாத்திரையும் ஆபத்தைக் கூட்டும்.

சரி, பரம்பரைக்கு வருவோம். ‘மரபணு மாற்றம்’ என்று ரிப்போர்ட்டில் பார்த்ததும் பெரியப்பா மகன் வெலவெலத்துப்போனான். கட்டிக்குள் இருக்கும் மாற்றம் பெரும்பாலும் வாழும்போது அந்தச் செல்லில் உண்டானது, பிள்ளைகளுக்குப் போகாது. பிறவியிலேயே வருவது வேறு. ஒரே குடும்பத்தில் பலருக்கு மெலனோமா என்றால் சிடிகேஎன்2ஏ மரபணுவைப் பார்ப்பார்கள். டிஎன்ஏவைச் சரிசெய்யும் வேலையே நடக்காத ஜெரோடெர்மா பிக்மென்டோசம் என்ற அரிய நோயில், பள்ளிக்கூட வயதிலேயே தோல் புற்று வந்துவிடும். அம்மா அப்பா இரண்டு பேரிடமிருந்தும் பழுதான பிரதி வந்தால்தான் அந்த நோய் வரும்; அதனால் அக்கா மகள், மாமன் மகள் என்று கட்டும் குடும்பங்களில் வாய்ப்பு கூடுகிறது. இதைச் சொன்னால் எங்கள் வீட்டில் சண்டைதான்.

உங்கள் அம்மாவுக்கு வந்தது வயதான காலத்தில், வெயில் படும் முகத்தில், ஒன்றே ஒன்று. இளவயதில் நாலைந்து வந்திருந்தால்தான் பிறவி மரபணுக் கோளாறு என்று டாக்டர்கள் முதலில் யோசிப்பார்கள். அவரிடமிருந்து உங்களுக்கு வந்திருப்பது அநேகமாக அவருடைய நிறமும் அதே ஊர் வெயிலும். அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது அம்மாவின் விவரத்தைச் சொல்லி ஒருதரம் காட்டிவிடுங்கள்.

நகத்தில் கருங்கோடு தெரிந்தால் உடனே பயப்பட வேண்டாம். நம் நிறத்தில் பல விரல்களில் அப்படி இருப்பது சகஜம், எனக்கே மூன்றில் இருக்கிறது. ஒரே ஒரு நகத்தில் புதிதாகத் தோன்றி அகலமாகிக்கொண்டே போனால் காட்ட வேண்டும். பெரியப்பா மகன் ஒருநாள் ராத்திரி 11 மணிக்குக் கட்டைவிரல் போட்டோ அனுப்பினான். மறுநாளே ஸ்கின் டாக்டரிடம் கூட்டிப்போனேன். கார் கதவில் நசுங்கிய ரத்தக்கட்டு. சில மாதத்தில் நகத்தோடு நகர்ந்து நுனிக்கு வந்ததும் வெட்டிப்போட்டான்.