கயிறு விட ஆள் இல்லாவிட்டால்?

கேள்வி: 1806 வேலூர்ப் புரட்சியை வைத்து ஒரு மாற்று வரலாற்றுச் சிறுகதை எழுதினேன். புரட்சியை அடக்கிய ஆங்கிலத் தளபதி கில்லஸ்பி ஆற்காட்டிலிருந்து வரவே இல்லை. பௌர்ணமி நிலவில் சிப்பாய்கள் கோட்டையைப் பிடிக்கிறார்கள். கோட்டையில் காவலில் இருந்த திப்புவின் மகன் ஃபத்தே ஹைதர் மைசூர் சுல்தான் ஆகிறார். நெப்போலியனின் கப்பல்கள் வருகின்றன. அடக்க வந்த ஆங்கிலத் தளபதி ஆர்தர் வெல்லெஸ்லி ஆம்பூரில் தோற்கிறார். 1807இல் ஆங்கிலேயர் மூட்டை கட்டுகிறார்கள். ஆறு பக்கம். இரண்டு பத்திரிகைகள் திருப்பி அனுப்பிவிட்டன. படித்த தோழி, "நல்லாத்தான் இருக்கு, ஆனா நம்பவே முடியல" என்கிறாள். கற்பனைக் கதையில் நம்புவதற்கு என்ன இருக்கிறது? எங்கே சொதப்பினேன்? அடுத்து ஹைதர் அலியை எழுதலாமா?
– ஒரு வாசகி, காட்பாடி

பதில்: தோழி சொன்னது சரிதான். மாற்று வரலாற்றில் ஒரு பொய்யை வாசகர் மறுபேச்சில்லாமல் வாங்கிக்கொள்வார். அதற்கு மேல் மாறுவதெல்லாம் அந்த ஒன்றிலிருந்தே கிளைத்து வர வேண்டும். உங்கள் கதையில் ஐந்து பொய்கள் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாமல் நிற்கின்றன. அவற்றில் மூன்று நீங்கள் தெரிந்து சொன்னவைகூட அல்ல, வெறும் பிழைகள்.

முதலில் பிழைகளைத் தீர்த்துவிடலாம். ஆர்தர் வெல்லெஸ்லி 1805லேயே இந்தியாவை விட்டுக் கப்பல் ஏறிவிட்டார். 1806 ஜூலையில் அவர் இங்கிலாந்தில் புது மாப்பிள்ளை. அவரை ஆம்பூருக்குக் கொண்டுவர வேண்டுமானால் வேறு ஒரு கதை எழுத வேண்டும். அப்போது சென்னையில் தலைமைத் தளபதி சர் ஜான் க்ராடக், கவர்னர் வில்லியம் பெண்டிங்க். நெப்போலியன் கப்பலும் வராது. 1805 அக்டோபர் 21இல் டிரஃபால்கரில் அவருடைய கடற்படை உடைந்துபோயிற்று. இந்தியப் பெருங்கடலில் பிரெஞ்சுக்காரர்களிடம் எஞ்சியது மொரீஷியஸ் போன்ற சில தீவுகளும் அங்கிருந்து வணிகக் கப்பல்களை மடக்கிக்கொண்டிருந்த சில போர்க்கப்பல்களும்தான். சேதி லண்டனுக்குப் போகவே ஐந்தாறு மாதம் ஆகும் காலம் அது.

அடுத்தது நிலா. 1806 ஜூன் 16இல் அமெரிக்காவில் முழுச் சூரிய கிரகணம் தெரிந்தது. கிரகணம் என்றால் அன்று அமாவாசை. 29½ நாளைக் கூட்டுங்கள். அடுத்த அமாவாசை ஜூலை 16ஐ ஒட்டி வருகிறது. புரட்சி வெடித்த ஜூலை 10 அதற்கு ஆறு நாள் முன்பு. ஆக, ஆனி மாதக் கடைசித் தேய்பிறை. பாதிக்கும் குறைந்த நிலா நள்ளிரவுக்குப் பிறகு கிழக்கே எழுந்து, இரண்டு மணிக்கு இன்னும் தாழ்வாகத்தான் நிற்கும். உங்கள் பௌர்ணமியைவிட இது கதைக்கு உதவும். எதிரே வருபவரின் உருவம் தெரியும், முகம் தெரியாது. எந்தத் தேதிக்கும் இப்படி அருகிலுள்ள கிரகணத்தைத் தேடி நாள் எண்ணிப் பாருங்கள். 1752 செப்டம்பருக்கு முன் போகிறீர்கள் என்றால் மட்டும் கவனம். அதுவரை ஆங்கிலேயர் பழைய நாட்காட்டியில் 11 நாள் பின்னால் இருந்தார்கள். 1751இல் கிளைவ் ஆற்காட்டில் முற்றுகையில் இருந்த கதையை எழுதினால், ஆங்கிலக் குறிப்பின் தேதியையும் பிரெஞ்சுக் குறிப்பின் தேதியையும் கலந்துவிட்டு வளர்பிறையைத் தேய்பிறையாக்கிவிட வாய்ப்புண்டு.

இனி கதையின் அஸ்திவாரம். கில்லஸ்பியை வரவிடாமல் செய்தீர்களே, அங்கேதான் கதை சரிந்தது. கோட்டைக்கு வெளியே தங்கியிருந்த மேஜர் கோட்ஸ் ஆற்காட்டுக்கு ஆள் அனுப்பியபோது, அங்கே இருந்தது ஒரு தனி மனிதர் அல்ல. 19ஆம் லைட் டிராகூன் என்ற குதிரைப்படை முழுதும் அங்கேதான் இருந்தது. கில்லஸ்பி காய்ச்சலில் படுத்திருந்தாலும் கர்னல் கென்னடி படையைக் கிளப்பியிருப்பார். உண்மையிலும் கில்லஸ்பி சிறு குழுவோடு முன்னால் பறந்து வர, பீரங்கியோடு பின்னால் வந்தவர் கென்னடிதான். தளபதியை அகற்றினால் ஒரு மணி நேரம் தாமதமாகும், அவ்வளவுதான். முடிவு மாறாது.

பின் எது மாற்றும்? அன்று காலை நடந்ததை நிமிடக் கணக்கில் பாருங்கள். இரவு 2 மணியளவில் துவக்கம். கோட்டையில் 69ஆம் படையின் நான்கு கம்பெனி ஆங்கிலேயர், எதிரே மூன்று சிப்பாய்ப் பட்டாளம், சுமார் 1500 பேர். தூங்கிக்கொண்டிருந்தவர்களும் ஆஸ்பத்திரியில் கிடந்தவர்களும் சுடப்பட்டார்கள். 69ஆம் படையில் மட்டும் 115 பேர் செத்தார்கள். மிஞ்சிய அறுபது பேர் அளவில் வாசல் பக்கத்து மதில்மேல் ஏறி ஒட்டிக்கொண்டார்கள். தோட்டா தீர்ந்துவிட்டது. சிப்பாய்களில் பலர் கஜானாவுக்கும் வீடுகளுக்கும் கொள்ளைக்குப் போய்விட்டார்கள். மதில்மேல் இருந்த அந்த மிச்சத்தை யாரும் துடைத்தெறியவில்லை. கில்லஸ்பி வாசலுக்கு வந்தபோது, அவர்கள்தான் ஒரு கயிற்றையும் ஒரு சார்ஜெண்டின் இடைக்கச்சையையும் கீழே விட்டு அவரை மேலே ஏற்றினார்கள். அவர் துப்பாக்கி முனையில் கத்தியை மாட்டச் சொல்லி அவர்களையே கூட்டிக்கொண்டு மதில் நெடுகப் பாய்ந்தார். அந்த நேரத்துக்குள் பீரங்கி வந்து சேர்ந்தது, கதவு உடைந்தது.

எல்லாம் அந்தக் கயிற்றில்தான் தொங்குகிறது. கயிறு விட மேலே ஆள் இல்லாவிட்டால்? உங்கள் ஒரே பொய்யை இங்கே வையுங்கள். விடிவதற்குச் சற்று முன், ஒரு ஜமேதார் (சிப்பாய்ப் படையின் இந்திய அதிகாரி), கஜானாப் பக்கம் ஓடப் பார்க்கும் முப்பது பேரை அதட்டித் திருப்பி, "முதல்ல அந்த மதிலு" என்கிறார். இவ்வளவே போதும். பெயர் தெரிந்த தளபதியைத் தொடாதீர்கள், அவர் காலடியில் இருக்கும் பலகையை மட்டும் உருவுங்கள்.

இப்போது கில்லஸ்பி வரட்டும். 16 மைல், சுமார் 25 கிலோமீட்டர். உங்கள் கதையில் குதிரைகள் ஆற்காட்டிலிருந்து நாலுகால் பாய்ச்சலில் வருகின்றன. அப்படி வந்தால் மூன்று நான்கு கிலோமீட்டரில் மூச்சு போய்விடும். துள்ளுநடையும் பாய்ச்சலுமாக மாற்றி மாற்றி மணிக்கு 12, 13 கிலோமீட்டர் என்று வையுங்கள். இரண்டு மணி நேரம். பீரங்கி இழுக்கும் குதிரைகளுக்கு அதற்கும் மேல். வழியில் பாலாற்றை வெள்ளமாக ஓடவிட்டுத் தடுக்கலாமா என்று தோன்றும். ஜூலையில் பாலாறு பெரும்பாலும் மணல்தான் என்பது சத்துவாச்சாரிச் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஆனால் ஆறு ஒரு படையைத் தடுத்த சரித்திரம் நமக்குப் பக்கத்திலேயே உண்டு. 1780 ஆகஸ்ட் 25இல், ஹைதர் அலிக்கு எதிராகப் புறப்பட்ட ஆங்கிலத் தளபதி கர்னல் பெய்லி கொசஸ்தலை ஆற்றின் வடகரையில் முகாம் போட்டார். இரவோடு இரவாக ஆறு பெருகியது. கடக்க ஒரு வாரத்துக்கு மேல் ஆயிற்று. செப்டம்பர் 10இல் பொள்ளிலூரில் அவர் படை அழிந்தது. அன்று மாலையே ஆற்றைத் தாண்டியிருந்தால் என்பது தனிக் கதை. வெள்ளம் உங்களுக்கு வேண்டுமென்றே வேண்டுமானால், முதல் பத்தியிலேயே மலைப்பக்கம் மேகத்தைக் காட்டிவிடுங்கள். தேவைப்படும்போது திடீரென்று பெய்யும் மழையை வாசகர் மன்னிக்க மாட்டார்.

கயிறு இல்லாத வாசலில் கில்லஸ்பி என்ன செய்வார்? இதைக் கற்பனை செய்யத் தேவையில்லை, அவரே காட்டியிருக்கிறார். 1814 அக்டோபர் 31, டேராடூன் அருகே கலுங்கா கோட்டை. தாக்குதல் சறுக்கியது. படைத்தலைவர் பின்னால் நிற்க வேண்டிய நேரத்தில், குதிரையை விட்டிறங்கிய டிராகூன் வீரர்களோடு தானே முன்னால் பாய்ந்து, கோட்டை வாசலுக்கு அருகே நெஞ்சில் குண்டு பட்டுச் செத்தார். வேலூரில் கயிறு இருந்ததால் அந்தக் குணம் வீரமாயிற்று, கலுங்காவில் கயிறு இல்லை. ஆக உங்கள் கதையில் அவர் காத்திருக்க மாட்டார். பீரங்கி வருமுன் கதவுக்கு ஓடுவார். எட்டு வருடம் முன்கூட்டியே சாவார். பிரபலத் தளபதியை வைத்து எழுதும்போது அவர் வாழ்க்கையின் பிற்பகுதியைப் படிப்பது இதற்காகத்தான்.

சண்டைக் காட்சியைச் சுருக்குங்கள். உங்கள் சிப்பாய் நின்ற இடத்தில் ஏழு பேரைச் சுட்டுத் தள்ளுகிறார். அக்காலத்து பிரவுன் பெஸ் துப்பாக்கிக்கு 80, 100 கஜத்துக்கு மேல் குறி என்பதே கிடையாது. ஒவ்வொரு முறையும் தாள் தோட்டாவைப் பல்லால் கிழித்து, மருந்தைக் கொட்டி, கம்பியால் இடித்து இறுக்க வேண்டும். பழகிய கை நிமிடத்துக்கு இரண்டு மூன்று முறை சுடும். சக்கிமுக்கிக் கல் தேய்ந்தால் அதுவும் இல்லை. ஆனால் மதில்மேல் அறுபது துப்பாக்கி இருந்தால், கதவுக்கு நேரே பீரங்கியை உருட்டி வரும் ஆட்கள் தாக்குப்பிடிக்க முடியாது. அந்த ஒரு காட்சி போதும் உங்கள் சிப்பாய்கள் அன்றைய பகலை வெல்ல.

பகலை வென்றார்கள், அடுத்து? இங்கேதான் பெரும்பாலான மாற்று வரலாற்றுக் கதைகள் மூச்சு விட்டுவிடுகின்றன. சென்னையிலிருந்து வேலூர் 130 கிலோமீட்டருக்கு மேல். காலாட்படை நாளுக்கு 20 கிலோமீட்டர் நடந்தால் ஒரு வாரம். அந்த ஒரு வாரம் உங்கள் கையில் இருக்கிறது. உள்ளே 1500 பேர். ஆளுக்கு நாளைக்கு முக்கால் கிலோ அரிசி என்றால் 1125 கிலோ, அதாவது 75 கிலோ மூட்டையில் பதினைந்து. ஒரு வாரத்துக்கு நூற்றைந்து மூட்டை. இது சிப்பாய்களுக்கு மட்டும். திப்பு குடும்பத்தின் பரிவாரமும் வேலையாட்களும் கணக்கில் வரவில்லை. அகழி சூழ்ந்த கோட்டைக்குள் அந்த மூட்டைகளை எந்த வாசல் வழியாக, எந்த வண்டிக்காரர் கொண்டுவருவார்? கோட்டையைப் பிடித்த மறுநாள் காலை ஒரு மளிகைக்காரரோடு பேரம் பேசும் ஜமேதார், வாள் சுழற்றும் சுல்தானைவிட நல்ல பாத்திரம்.

சுல்தான் என்றதும் ஃபத்தே ஹைதர். சிப்பாய்கள் மைசூர்க் கொடியை ஏற்றி அவரை அரசர் என்று கூவியது உண்மை. அவர் வெளியே வந்து தலைமை தாங்கவில்லை என்பதும் உண்மை. உங்கள் கதையில் அவர் முதல் பக்கத்திலேயே குதிரையில் ஏறிவிடுகிறார். அவர் தயங்குவதை விட்டுவிடாதீர்கள். தயங்கக் காரணம் மைசூரில் உட்கார்ந்திருக்கிறது. 1799க்குப் பிறகு அங்கே சிம்மாசனத்தில் சிறுவன் கிருஷ்ணராஜ உடையார், நிர்வாகம் திவான் பூர்ணையா கையில். திப்புவிடம் நிதி பார்த்த அதே பூர்ணையா. ஃபத்தே ஹைதர் திரும்பினால் முதலில் பதவி போகப்போவது அவருக்குத்தான். ஆகவே உங்கள் சுல்தானுக்கு எதிரியாக வெல்லெஸ்லியைத் தேடிக் கடல் தாண்ட வேண்டாம். மைசூரிலிருந்து பூர்ணையாவின் கடிதம் ஒன்று கோட்டைக்கு வரட்டும், மிக மரியாதையான கடிதம். அதைப் படித்துக் காட்டும்போது கதை முடியலாம். 1807 வரை இழுக்க வேண்டாம். ஆறு பக்கத்துக்கு நாலு நாள் போதும்.

எழுதும் முறையில் ஒன்று. மக்கான் சிக்னல் நினைவுத் தூணைத் தாண்டித் தினமும் பேருந்தில் போகும் வாசகருக்கு நடந்தது என்னவென்று ஓரளவு தெரியும். திருச்சி வாசகருக்குத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. உண்மையில் நடந்தது தெரியாதவருக்கு மாற்றம் தெரியாது. அதற்காக, "உனக்குத்தான் தெரியுமே, சென்ற நவம்பரில் புதுத் தலைப்பாகை உத்தரவு வந்தது" என்று, புரட்சியைக் கிளப்பிய அந்த உத்தரவைப் பற்றி ஒரு சிப்பாய் இன்னொரு சிப்பாயிடம் பாடம் எடுக்கக் கூடாது. தலைப்பாகையின் தோல் பட்டையை ஒருவர் தொட்டுவிட்டுக் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டால் போதும். கொலைகளைப் பற்றியும் ஒன்று. ஆஸ்பத்திரியில் நடந்ததை உங்கள் கதை மறைத்துவிட்டது. அதே போல, உண்மை வரலாற்றில் அரண்மனையில் ஒளிந்திருந்து பிடிபட்ட நூறு சிப்பாய்களைச் சுவரோரம் நிறுத்திச் சுட்டதையும் மறைக்க முடியாது. உங்கள் கதையில் அந்த நூறு பேர் உயிரோடிருக்கிறார்கள். அவர்களில் ஒருவரைத்தான் கதைசொல்லியாக்க வேண்டும் என்பது எங்கள் கட்சி.

ஹைதர் அலி? தாராளமாக எழுதுங்கள். 1782 டிசம்பர் 7இல் சித்தூர் அருகே நரசிங்கராயன்பேட்டை முகாமில் முதுகில் ராஜபிளவை என்ற சீழ்க்கட்டி வந்து இறந்தார். 1911 வரை நம் வட ஆற்காட்டின் தலைநகராக இருந்த சித்தூர்தான். ஆனால் அவரைப் பிழைக்க வைக்காதீர்கள், அது எல்லோருக்கும் முதலில் தோன்றுவது. திப்பு அப்போது மலபாரில் இருந்தார். அவர் வந்து சேரும்வரை பூர்ணையா உள்ளிட்டவர்கள் மரணத்தை மறைத்தார்கள். இரண்டாம் மகன் அப்துல் கரீமை அமர்த்த நடந்த சதியை அமுக்கினார்கள். சென்னையில் தளபதி ஸ்டூவர்ட் செய்தியை நம்பாமல் படையைக் கிளப்பவில்லை. உடலை விலை உயர்ந்த பொருள்போல ஒரு பெட்டியில் வாசனைப் பொடி நிரப்பி வைத்துக் காவலோடு கோலாருக்கு அனுப்பினார்கள். மாற வேண்டியது அந்தப் பாதையில்தான் இருக்கிறது. தூக்கிச் செல்பவர்களில் ஒருவருக்காவது பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று தெரிந்திருக்கட்டும்.